காவிரிக்கரைச் சரளை மண்ணில் 8 மீட்டர் குழி: முதலில் தண்ணீர், அப்புறம் சுவர்

கேள்வி: ஸ்ரீரங்கம் தீவில், காவிரியிலிருந்து சுமார் 200 மீட்டர் தள்ளி, இரண்டு நிலத்தடித் தளங்களோடு கட்டடம் கட்டுகிறோம். குழி 20க்கு 30 மீட்டர், ஆழம் 8 மீட்டர். மண் கூழாங்கல் கலந்த பருமணல். மே மாதம் போட்ட போரில் (மண் பரிசோதனைத் துளையில்) தண்ணீர் 5 மீட்டரில் இருந்தது. தாங்குசுவரை எப்படி டிசைன் செய்வது?

நீங்கள் சுவரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் ‘மே மாதம்’ என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

மே மாதத்தில் காவிரி வெறும் மணல். வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிடும். அதன்பின் ஜனவரி வரை ஆற்றில் தண்ணீர், நடுவே ஐப்பசி கார்த்திகை மழை வேறு. திருவானைக்காவல் கருவறையில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே தீவில்தான் நீங்கள் 8 மீட்டர் தோண்டப் போகிறீர்கள். உங்கள் தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ பழைய கிணறு இருந்தால் எட்டிப் பாருங்கள். உறையில் பாசிக் கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அது போர் லாக்கைவிட (துளையில் கண்டதை எழுதிய பதிவேட்டைவிட) நம்பகமான சாட்சி. எனக்கானால் நீர்மட்டத்தை 2 மீட்டருக்குக் கீழே வைத்துக் கணக்குப் போட மனம் வராது.

இது சுவரை எப்படிப் பாதிக்கிறது என்று பாருங்கள். காய்ந்த மண்ணாக இருந்தால் 8 மீட்டர் ஆழத்தில் சுவர் மீது வரும் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 4 டன். நீர்மட்டம் 2 மீட்டரில் இருந்து, சுவர் தண்ணீர் விடாததாகவும் இருந்தால், அதே இடத்தில் 8.5 டன். அதில் 6 டன் வெறும் தண்ணீர். மண்ணின் உராய்வுக் கோணம் (மண் சரியாமல் தாங்கும் திறனைக் காட்டும் எண்) 32 டிகிரியா 38 டிகிரியா என்று மீட்டிங் போட்டு வாதாடுவார்கள். அதனால் வரும் வித்தியாசம் முக்கால் டன்கூட இல்லை. நீர்மட்டம் ஒரு மீட்டர் தப்பினால் அதைவிட அதிகமாக மாறிவிடும்.

சரி, அடுத்தது எவ்வளவு தண்ணீர் வரும் என்பது. இதற்கு எஸ்.பி.டி. எண் (துளைக்குள் ஒரு குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்க எத்தனை அடி ஆகிறது என்ற எண்) உதவாது. சரளையில் கருவியின் வாய் ஒரு கல்லில் மாட்டினால் எண் எகிறிவிடும், மண் இறுகியிருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். சல்லடைச் சோதனையை வைத்து நீர் கடத்தும் திறனைக் கணிப்பதும் ஆபத்து. தண்ணீரைப் பீய்ச்சித் துளை போடும் வாஷ் போரிங்கில் பொடி மண் கழுவிக்கொண்டு போயிருக்கும், கையில் வரும் மாதிரி உண்மையான மண் இல்லை. பம்பிங் டெஸ்ட் ஒன்றுதான் வழி. ஒரு ஆழ்குழாய், அதிலிருந்து 5, 15, 40 மீட்டரில் நீர்மட்டம் பார்க்கும் குழாய்கள், ஆற்றை நோக்கி ஒரு வரிசை, கரைக்கு இணையாக இன்னொரு வரிசை. இரண்டு மூன்று நாள் விடாமல் ஓட்டுங்கள். முடிந்தால் ஆற்றில் தண்ணீர் ஓடும்போது செய்யுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நீர் கடத்தும் திறனை நொடிக்கு 1 மில்லிமீட்டர் என்றும், நீர் நிறைந்த மணலின் தடிமனை 15 மீட்டர் என்றும் வைத்து உங்கள் குழிக்கு ஒரு தோராயக் கணக்குப் போட்டேன். குழியின் தரைக்கு ஒரு மீட்டர் கீழே வரை நீர்மட்டத்தை இறக்க நொடிக்குச் சுமார் 150 லிட்டர் இறைக்க வேண்டும். 12,000 லிட்டர் டேங்கர் லாரி மணிக்கு 45 நிரம்பும். அதே மண்ணில் ஒரு சுத்தமான சரளைப் படிவம் ஓடினால் திறன் பத்து மடங்குகூட ஆகலாம், தண்ணீரும் அதே மடங்கு. அப்போது இறைப்பது நடக்கிற காரியம் இல்லை. தண்ணீரைத் தடுத்தே ஆக வேண்டும். இறைப்பதா தடுப்பதா என்பதை முடிவு செய்வது அந்த ஒரு எண்தான்.

கொள்ளிடத்தின் படுகை காவிரியைவிடத் தாழ்ந்தது. அதனால் தீவுக்கு அடியில் தண்ணீர் காவிரியிலிருந்து கொள்ளிடம் பக்கம் சாய்ந்து போகிறது. இறைக்கும் கிணறுகளைக் குழியைச் சுற்றிச் சமமாக அடுக்காமல் காவிரிப் பக்கம் நெருக்கமாக வையுங்கள். வெல் பாயின்ட், அதாவது மேலேயுள்ள பம்பால் உறிஞ்சும் சிறு குழாய்களின் வரிசை, இங்கே பெரிதாக உதவாது. உறிஞ்சும் உயரம் நடைமுறையில் 5, 6 மீட்டர்தான். நீர்மூழ்கி பம்பு இறக்கிய ஆழ்கிணறுகளே சரி. ஜெனரேட்டர் தானாக ஸ்டார்ட் ஆக வேண்டும். இந்த மண்ணில் கரண்ட் போனால் தண்ணீர் ஏற வெகுநேரம் எடுக்காது.

தடுப்பதானால், ஷீட் பைல் (ஒன்றோடொன்று பூட்டி அடித்து இறக்கும் இரும்புத் தகடு) கூழாங்கல்லில் வளையும், பூட்டு விட்டுப் போகும். டயஃப்ரம் சுவர் (நிலத்தில் பள்ளம் வெட்டி அதிலேயே வார்க்கும் கான்கிரீட் சுவர்) அல்லது ஒன்றையொன்று வெட்டிப்போகும் பைல் சுவர் நல்லது. இடைவெளி அதிகமுள்ள சரளையில், பள்ளம் சரியாமல் தாங்க ஊற்றும் பென்டோனைட் களிக் கலவை திடீரென்று இறங்கிவிடலாம், கூடுதல் கலவை எப்போதும் தயாராக இருக்கட்டும். சுவரின் கால் களிமண்ணிலோ பாறையிலோ ஊன்ற வேண்டும். டெல்டாக் களிமண் திட்டுத்திட்டாக இருக்கும், ஒரு போரில் களி தெரிந்ததை வைத்து முழுக் குழிக்கும் களி என்று எழுதாதீர்கள். கால் தொங்கினால் தண்ணீர் அடியில் சுற்றி மேலே வரும், குழிக்குள் இருக்கும் மண்ணின் எதிர்த்தாங்கலும் குறையும்.

மேலே வரும் தண்ணீர் எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், டெல்டாவில் ஒரு ஊரில் கழிவுநீர் உந்து நிலையத்துக்கு 6 மீட்டர் குழி. போர் எடுத்தது ஏப்ரலில், தண்ணீர் ஆறரை மீட்டரில். தோண்டி முடித்தது ஜூன் கடைசியில். ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு மணல் உலை கொதிப்பதுபோலக் குதித்தது. தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. மேஸ்திரி ஒரு வெள்ளை வாளியில் பம்புத் தண்ணீரைப் பிடித்து ஆறவைத்தார். அடியில் ஒரு விரல் கனம் மணல்.

“தம்பி, தண்ணி வந்தா பரவால்ல, மணல் வருது. பம்பை நிறுத்திட்டுக் குழியில தண்ணிய ஏறவிடுங்க” என்றார்.

நான் இன்னொரு பம்பு இறக்கச் சொன்னேன். சாயங்காலம் பக்கத்து வீட்டு மதில் மேலிருந்து கீழ்வரை பிளந்தது. அந்த வீட்டு அம்மா கையால் விரிசலைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அப்புறம்தான் மேஸ்திரி சொன்னபடி தண்ணீரை ஏறவிட்டோம், மணல் நின்றது. மிச்ச வேலையை உறை இறக்குவதுபோல வட்டக் கான்கிரீட் கிணறாக, உள்ளே தண்ணீரை வெளிமட்டத்துக்குக் குறையாமல் வைத்தே இறக்கி, அடியை ட்ரெமி குழாய் (தண்ணீருக்கு அடியில் கான்கிரீட் இறக்கும் குழாய்) வழியாகக் கான்கிரீட் போட்டு அடைத்தோம். உந்து நிலையம் மாதிரி சிறிய குழிகளுக்கு இன்றைக்கும் நான் முதலில் யோசிப்பது இதைத்தான்.

உங்களுக்கும் அந்த வாளி வேண்டும். ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீரையும் தினமும் பிடித்துப் பாருங்கள். மணல் வந்தால் அந்தக் கிணற்றின் வடிகட்டி சரியில்லை, உடனே மாற்ற வேண்டும். பக்கத்து வீடுகளின் சுவர்களைத் தோண்டும் முன்பே படம் எடுத்து, அளவுக்குறி ஒட்டி, வீட்டுக்காரர்களிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.

பம்பை எப்போது நிறுத்துவது என்பதையும் வரைபடத்திலேயே எழுதுங்கள். நீர்மட்டம் 2 மீட்டரில் இருந்தால் உங்கள் ராஃப்டை (கட்டடத்தின் அடித்தளப் பலகையை) அது சதுர மீட்டருக்கு 6 டன் விசையோடு மேலே தள்ளும். ஒரு மீட்டர் கன ராஃப்டின் எடை இரண்டரை டன்தான். இரண்டு தளமும் சேர்த்தாலும் போதாது. மேலே போதுமான மாடிகள் ஏறும்வரை பம்பு ஓட வேண்டும், இல்லையென்றால் கட்டடம் மிதக்கும். வெள்ளத்தில் தண்ணீர் தரைமட்டம் தொட்டால் அது 8 டன், நிரந்தர டிசைனில் அதையும் பாருங்கள்.

இறைக்கும் தண்ணீரைத் தெருச் சாக்கடை தாங்காது. எந்த வாய்க்காலில் விடுவது என்று நீர்வளத் துறையிடம் இப்போதே பேசுங்கள், அனுமதிக்கு நாள் பிடிக்கும். இறைக்கும் வழியானால் பிப்ரவரியில் தோண்ட ஆரம்பித்து ஜூனுக்குள் ராஃப்ட் போடும்படி திட்டமிடுங்கள். பம்பிங் டெஸ்ட் அளவுகள் வந்ததும் கருத்துப் பெட்டியில் போடுங்கள், மேலே போட்ட 150 லிட்டர் கணக்கை உண்மை எண்ணோடு திரும்பப் போட்டுத் தருகிறேன்.