ஒற்றைத் தலைவலி: ராஜினாமா கடிதம் மட்டும் எழுதிவிடாதீர்கள்

கேள்வி: திருப்பூரில், வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு ஆடை வாங்கித் தரும் ஒரு பையிங் ஆபீஸில் மூன்று வருடமாக மெர்ச்சண்டைசராக (ஆர்டர்களைக் கவனிப்பவராக) இருக்கிறேன். சம்பளம் 32,000 ரூபாய், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) கிடையாது. மாதம் இரண்டு முறையாவது ஒற்றைத் தலைவலி வந்துவிடுகிறது. வெளிச்சம் பட்டாலே குமட்டுகிறது. போன வருடம் இதற்காக 19 நாள் லீவு போட்டேன், 7 நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். உட்காரும் சீட்டை மாற்றிக் கேட்டேன், மறுத்துவிட்டார் மேனேஜர். இப்போது, "இப்படியே லீவு போட்டா ஷிப்மெண்ட்டை யாருங்க பாக்கறது? நீங்களே லெட்டர் எழுதிக் குடுத்துட்டுப் போயிருங்க" என்கிறார். சட்டம் எனக்கு உதவுமா?

பதில்: உதவும். ஆனால் அந்த லெட்டரை எழுதாதவரைதான். அவர் ஏன் உங்கள் கையால் எழுதச் சொல்கிறார் தெரியுமா? பையிங் ஆபீஸ் தொழிற்சாலை அல்ல, வணிக நிறுவனம். எனவே 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் பொருந்தும். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீசும் (அல்லது அதற்கான சம்பளமும்) இல்லாமல் நீக்க முடியாது என்கிறது அதன் 41-ஆவது பிரிவு. நீக்கினால் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். நீங்களே ராஜினாமா செய்தால் 'நீக்கம்' என்ற ஒன்றே நடக்கவில்லை என்று ஆகிவிடும்.

லீவுக் கணக்குக்கு வருவோம். இதே சட்டத்தின் 25-ஆவது பிரிவு, ஒவ்வொரு 12 மாதச் சேவைக்கும் நோய்க்காக 12 நாளும், தற்செயல் விடுப்பாக 12 நாளும் சம்பளத்தோடு தருகிறது. ஓராண்டு முடித்தவருக்குக் கிடைக்கும் 12 நாள் ஈட்டிய விடுப்பு இவற்றுக்குமேல் தனி. உங்கள் 19 நாளில் 12 நோய் விடுப்பு, மீதி 7 தற்செயல் விடுப்பு. அப்படியானால் பிடித்த 7 நாள் சம்பளத்தைத் திருப்பிக் கேட்கலாம். மாரியம்மன் நோம்பி, சொந்தக்காரர் கல்யாணம் என்று தற்செயல் விடுப்பை ஏற்கெனவே கரைத்திருந்தால் கணக்கு மாறும். இன்னொன்று, சட்டம் எண்ணுவது நீங்கள் வேலைக்குச் சேர்ந்த தேதியிலிருந்து. கம்பெனிகள் பெரும்பாலும் ஜனவரியிலிருந்து எண்ணும்.

இத்தகைய வழக்குகள் சறுக்குவது காகிதத்தில்தான். "சார், தலைவலி, வரலை" என்று வாட்ஸ்அப்பில் போட்டது நோய் விடுப்பு விண்ணப்பம் ஆகாது. "அனுமதியில்லாமல் வரவில்லை" என்று பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். ஒவ்வொரு முறையும் அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் 'நோய் விடுப்பு' என்ற சொல்லோடும் தேதியோடும் கேளுங்கள், மருத்துவச் சான்றை இணையுங்கள். ஒரு நோட்டில் தேதி, தொடங்கிய நேரம், எத்தனை மணி நேரம் நீடித்தது, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எத்தனை மாத்திரை என்று எழுதி வாருங்கள். நரம்பியல் மருத்துவர் சான்று எழுத அது வேண்டும். "ஒரு நாள் ஓய்வு" என்ற துண்டுச் சீட்டால் பயன் குறைவு. நோயின் பெயர், சிகிச்சை, அலுவலகத்தில் எதைத் தவிர்க்க வேண்டும், மற்ற நாட்களில் முழு வேலைக்குத் தகுதி ஆகிய நான்கும் ஒரே சான்றில் இருக்கட்டும். நான்காவதை விட்டுவிடாதீர்கள். "என்னால் வேலை பார்க்க முடியவில்லை" என்று நீங்களே எழுதும் ஒரு வரி, அவர்கள் தேடிக்கொண்டிருக்கும் 'நியாயமான காரணம்' ஆகிவிடும்.

உட்காரும் சீட்டு விஷயத்தில் சட்டத்தின் கை அவ்வளவு நீளமில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்ட அட்டவணையிலுள்ள 21 வகைகளில் ஒற்றைத் தலைவலி பெயர் சொல்லி இல்லை. நாள்பட்ட நரம்பியல் கோளாறு என்று வாதாட இடமிருந்தாலும், தனியார் நிறுவனத்தில் ஒரு சீட்டுக்காக அந்த வழியில் போகச் சொல்ல மாட்டேன். சான்றை இணைத்து, செலவில்லாதவற்றை எழுத்தில் கேளுங்கள். தலைக்கு நேர்மேலே உள்ள எல்.இ.டி. டியூபை அணைக்க வேண்டும், திரை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் இருக்க வேண்டும், லைட் பாக்ஸ் வெளிச்சத்தில் துணியின் ஷேட் (நிறம்) பார்ப்பதைக் காலையில் சிறு சிறு பகுதியாக முடிக்க வேண்டும் என்பதுபோல.

உணவு இடைவேளை அப்படியல்ல, அது கேட்டு வாங்கும் சலுகை இல்லை. 14-ஆவது பிரிவின்படி ஒரு மணி நேர ஓய்வு தராமல் நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஷிப்மெண்ட் நாளில் சாப்பாடு தள்ளிப்போய் வலி தொடங்குகிறதா என்று உங்கள் நோட்டே காட்டும்.

21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்குக் கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை போன்ற இடங்களில் சிகிச்சை உண்டு. நோய்க்காலப் பணம் சம்பளத்தில் 70 சதவீதம் என்றாலும் முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. ஒரு நாளில் தீரும் தலைவலிக்குக் கையில் வருவது எதுவுமில்லை. முந்தைய நோய்க்காலம் முடிந்து 15 நாளுக்குள் மீண்டும் வந்தால் அந்தக் காத்திருப்பு இல்லை.

நீக்க உத்தரவு கைக்கு வந்தால் 30 நாளுக்குள் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் மனு போட வேண்டும். அது யார் என்பதைத் திருப்பூர் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் கேளுங்கள். உத்தரவு வந்த உறையையும் பத்திரமாக வைத்திருங்கள், தேதிக்கு அதுதான் சாட்சி. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பதால், உங்களை 'மேனேஜ்மெண்ட் ஸ்டாஃப்' என்பார்கள். லீவு அனுமதிப்பதும் ஆள் எடுப்பதும் உங்கள் கையில் இல்லையென்றால் பதவியின் பெயர் மட்டும் அவர்களுக்கு உதவாது.

ஒருவேளை நெருக்கடியில் லெட்டரை ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், அவர்கள் அதை ஏற்று உங்களை விடுவிக்கும் முன், இன்றே, "வாபஸ் பெறுகிறேன்" என்று மின்னஞ்சலும் ஸ்பீட் போஸ்டும் அனுப்பிவிடுங்கள்.