சேற்று நண்டு ஏன் ஒரு கொடுக்கை மட்டும் ஆட்டுகிறது?

பினாங்கின் பாலிக் புலாவ் பக்கம் பாக்காவ் என்னும் அலையாத்தி மரங்களுக்கு ஓரமாக, ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த குட்டி நண்டுகள் யாரைக் கூப்பிடுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். பெண் நண்டைத்தான்! அவை பிடில் நண்டுகள். பெரிய கொடுக்கு ஆணுக்கு மட்டுமே உண்டு. மற்ற ஆண்களை மிரட்டவும் அதையே தூக்கிக் காட்டும்.

சாப்பாட்டுக்கு அந்தக் கொடுக்கு உதவாது, சின்னக் கொடுக்குதான் வேலை செய்யும். கொஞ்சம் அசையாமல் நின்று பாருங்கள். சேற்றைக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோகும்; வாயுறுப்புகளில் உள்ள மயிர்கள் பாசியையும் நுண்ணுயிர்களையும் பிரித்தெடுக்கும்; மிச்ச மண் சின்ன உருண்டையாக வெளியே வந்து விழும். வளையைச் சுற்றிக் கிடக்கும் உருண்டைகள் அவைதான், எச்சம் இல்லை. பெண்ணுக்கு இரண்டும் சின்னக் கொடுக்கு என்பதால் இரண்டு கையாலும் அள்ளித் தின்னும்.

சண்டையில் பெரிய கொடுக்கு போனால் புதிதாக முளைக்கும். சில இனங்களில் புதியது நீளமாக இருந்தாலும் எடையும் பலமும் குறைவு. எதிரிக்கோ பார்வையில் அது தெரியாது, பயந்து ஒதுங்கிவிடும். நல்ல பித்தலாட்டம்!

சரி, தண்ணீர் ஏறினால்? வளைக்குள் இறங்கி, வாசலைச் சேற்றால் அடைத்துக்கொள்ளும். பினாங்கில் ஒரு நாளுக்குப் பெரும்பாலும் இரண்டு முறை கடல் ஏறி வற்றும். அதனால் பார்க்கப் போகிறவர்கள் கடிகாரத்தை விட்டுவிட்டு நீர்மட்ட அட்டவணையைப் பார்த்துப் போங்கள்.