மின்கம்பத்தில் ஃபைபர் கட்ட நகரம் போட்ட விதி: லூயிவில் ஜெயித்ததும் நாஷ்வில் தோற்றதும் ஏன்?

கேள்வி இது: "அமெரிக்காவில் புது பிராட்பேண்ட் கம்பெனி சீக்கிரம் கம்பம் ஏற ஒரு நகரம் தானே விதி போட்டால் அது கோர்ட்டில் நிற்குமா? லூயிவில் ஜெயித்தது, நாஷ்வில் தோற்றது. இரண்டும் ஒரே விதிதானே?"

விதி கிட்டத்தட்ட ஒன்றுதான். கம்பம் யாருடையது, அந்தக் கம்பத்தின் மேல் யாருக்கு அதிகாரம் என்பதுதான் இரண்டு ஊரிலும் வேறு. வழக்கே அதில்தான் முடிந்தது.

நீங்கள் ஒரு நகர நிர்வாகத்திலோ சின்ன ஃபைபர் கம்பெனியிலோ இருக்கிறீர்கள், "நாமும் இப்படி ஒன்று போட்டுவிடலாமா" என்று மேலிடத்தில் கேட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இது சட்ட ஆலோசனை இல்லை. வரைவை அந்த மாநிலத்தில் பழக்கமுள்ள வக்கீலிடம் காட்டாமல் மன்றத்தில் வைக்காதீர்கள். ஆனால் வக்கீல் முதலில் கேட்கப்போகிற விவரங்கள் உங்கள் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் கம்பத்தைப் பார்ப்போம். சாதாரணமாக நடப்படுவது 40 அடி மரக்கம்பம். நீளத்தில் பத்தில் ஒரு பங்கும் கூட 2 அடியும் மண்ணுக்குள் போகும், அதாவது 6 அடி. மீதி 34 அடி வெளியே நிற்கும். உச்சியில் மின்சாரம். நியூட்ரல் கம்பி (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) 26 அடியில் இருக்கிறது என்று கொள்ளுங்கள். அதற்குக் கீழே 40 அங்குலம் எதுவும் இருக்கக் கூடாது. அது கேபிள்காரர்களின் உயிரைக் காக்கும் இடைவெளி. ஆக, தகவல்தொடர்புக் கேபிள்கள் 22 அடி 8 அங்குலத்துக்குக் கீழேதான். ஏற்கெனவே கேபிள் டிவி 22 அடி 6 அங்குலத்திலும் தொலைபேசி 21 அடி 6 அங்குலத்திலும் இருந்தால், புதிதாக வருபவருக்கு இடமே இல்லை. ஒன்றுக்கொன்று 12 அங்குலம் விட வேண்டும் என்பது நடைமுறை.

"தொலைபேசிக்குக் கீழே கட்டிக்கொள்ளலாமே" என்று தோன்றும். பழைய செம்புக் கேபிள் கனமானது, இரண்டு கம்பத்துக்கு நடுவில் நன்றாகத் தொய்ந்து கிடக்கும். புது ஃபைபர் விறைப்பாக நிற்கும். கம்பத்தில் கீழே கட்டினாலும் நடுவழியில் இரண்டும் உரசும். அதனால் மேலே இடம் பண்ண வேண்டும்: தொலைபேசி 20 அடி 6-க்கு இறங்கணும், கேபிள் டிவி 21 அடி 6-க்கு இறங்கணும். இந்த வரிசை மாறாது. தொலைபேசி இறங்காமல் கேபிள் டிவி இறங்க முடியாது, அது இறங்காமல் நீங்கள் ஏற முடியாது. இப்படி இடம் பண்ணும் வேலைக்குத்தான் மேக் ரெடி என்று பெயர்.

பழைய முறையில் ஒவ்வொரு கம்பெனியும் தன் கேபிளைத் தன் ஆளை விட்டுத்தான் நகர்த்தும். இறங்கி வழிவிட வேண்டியவர் யார்? நீங்கள் வந்தால் வாடிக்கையாளரை இழக்கப்போகிறவர். 2016-ல் நாஷ்வில் விதி விவாதத்துக்கு வந்தபோது, அங்கே புதிதாக வந்த கூகுளின் பிராட்பேண்ட் கம்பெனி கூகுள் ஃபைபர் சொன்ன கணக்கு இது: தேவையான 88,000 கம்பங்களில் 44,000-க்கு மேல் மேக் ரெடி வேண்டும், அதுவரை தயாரானவை 33. கம்பெனியே சொன்ன கணக்கு என்பதால் கொஞ்சம் கழித்தே பாருங்கள். கழித்தாலும் நிலைமை புரியும்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் ஒன் டச் மேக் ரெடி. கம்ப உரிமையாளர் ஒப்புக்கொண்ட ஒரே கான்ட்ராக்டர், ஒரே தடவை ஏறி, எல்லாருடைய கேபிளையும் நகர்த்திவிட்டு, புதியதையும் கட்டிவிட்டு இறங்குவார். செலவு புதிதாக வருபவருடையது.

கென்டக்கி மாநிலத்து லூயிவில் மாநகர மன்றம் 2016 பிப்ரவரியில் இதை ஒருமனதாக நிறைவேற்றியது. அதே மாதம் பெரிய தொலைபேசிக் கம்பெனியான ஏடி அண்ட் டி கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. வாதம் இரண்டு. ஒன்று, கம்பத்தில் கட்டும் விஷயம் எஃப்.சி.சி.யின் (மத்திய அரசின் தகவல்தொடர்பு ஆணையம்) கையில் இருக்கிறது, நகரம் தலையிட முடியாது. இரண்டு, கென்டக்கியில் மின்சாரம், தொலைபேசி மாதிரி பயன்பாட்டு நிறுவனங்களைக் கட்டுப்படுத்துவது மாநிலப் பொதுச் சேவை ஆணையம் மட்டுமே. 2017 ஆகஸ்டில் நீதிபதி டேவிட் ஹேல் இரண்டையும் தள்ளுபடி செய்தார். தகவல்தொடர்புச் சட்டத்தின் 224-வது பிரிவு, "கம்பங்களை நாங்களே ஒழுங்குபடுத்துகிறோம்" என்று மாநிலம் சான்று கொடுத்தால் எஃப்.சி.சி. ஒதுங்கிக்கொள்ள இடம் தருகிறது. கென்டக்கி அப்படிச் சான்று கொடுத்த மாநிலம். ஆகவே முதல் வாதம் போயிற்று. இரண்டாவதற்கு, இந்த விதி கட்டணத்தையோ சேவையையோ தொடவில்லை, தெருவோரப் பொது இடத்தில் யார், எத்தனை முறை வண்டியை நிறுத்தி வேலை செய்வது என்பதைத்தான் ஒழுங்குபடுத்துகிறது, அந்த அதிகாரம் நகரத்துக்கு உண்டு என்றார். ஏடி அண்ட் டி மேல்முறையீட்டுக்குப் போகவில்லை.

டென்னசி மாநிலத்து நாஷ்வில் 2016 செப்டம்பரில் விதியை நிறைவேற்றியது. மேயர் கையெழுத்திட்ட மறுநாளே ஏடி அண்ட் டி வழக்கு, அடுத்த மாதம் கேபிள் கம்பெனி காம்காஸ்ட் வழக்கு. 2017 நவம்பரில் நீதிபதி விக்டோரியா ராபர்ட்ஸ் விதிக்கு நிரந்தரத் தடை போட்டார். டென்னசி சான்று கொடுக்காத மாநிலம். அதனால் ஏடி அண்ட் டி மாதிரி தனியார் கம்பங்கள் எஃப்.சி.சி.யின் கீழேயே இருந்தன, நகர விதி அங்கே செல்லாது. அவை சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். மீதி நாஷ்வில் எலக்ட்ரிக் சர்வீஸுடையவை, அதாவது மாநகரத்தின் சொந்த மின்வாரியத்தின் கம்பங்கள். சொந்தக் கம்பத்தில் ஏன் தோற்றார்கள்? மாநகர சாசனமே (நகரத்தின் அடிப்படைச் சட்டம்) அந்த வாரியத்தின் சொத்து நிர்வாகத்தை முழுதாக மின்வாரியக் குழுவிடம் கொடுத்துவிட்டது. மன்றம் அதை மீறி உத்தரவிட முடியாது. எனக்கு இந்த வழக்கில் மனசு ஆறாத இடம் இதுதான். சாசனத்தை எடுத்துப் படித்திருந்தால் விதியை வேறு வழியில் கொண்டுபோயிருக்கலாம். மன்றம் சட்டம் போடாமல், மின்வாரியக் குழுவே தன் கம்ப ஒப்பந்தத்தில் அதே நிபந்தனைகளைச் சேர்க்கும் வழியை முயன்றிருக்கலாம். காம்காஸ்ட் மாதிரி ஏற்கெனவே ஒப்பந்தம் வைத்திருப்பவர்களோடு பேச்சு நீண்டிருக்கும்தான். ஆனால் சாசனத்தில் அடிபட்டு விழுந்திருக்காது.

ஆகவே உங்கள் ஊரில் முதல் வேலை, கம்பத்தில் அடித்திருக்கும் தகட்டைப் படிப்பது. பாதைத் திட்டத்தில் உள்ள ஒவ்வொரு கம்பத்துக்கும் எண், உரிமையாளர், உயரம், வகுப்பு (எவ்வளவு பலமான கம்பம் என்பது) எழுதுங்கள். தனியார் கம்பம், நகர வாரியக் கம்பம், கிராமப்புறக் கூட்டுறவுக் கம்பம் என்று மூன்றாகப் பிரியுங்கள். 224-வது பிரிவு கூட்டுறவுக்கும் அரசுக்கும் சொந்தமான கம்பங்களைத் தொடாது. அங்கே எஃப்.சி.சி. விதியைக் காட்டிப் பேச முடியாது, ஒப்பந்தமும் மாநிலச் சட்டமும்தான் பேசும். அடுத்தது, மாநிலம் சான்று கொடுத்ததா என்று பார்ப்பது. கென்டக்கி, ஓஹையோ, கலிஃபோர்னியா, நியூயார்க், ஓரிகன், வாஷிங்டன் உட்பட 20-க்கு மேற்பட்ட மாநிலங்கள் கொடுத்திருக்கின்றன. டென்னசி, டெக்சஸ், ஜார்ஜியா கொடுக்கவில்லை. சான்று கொடுக்காத மாநிலத்தில் தனியார் கம்பத்துக்கு நகரம் விதி போடுவது நாஷ்வில் வழக்கை மறுபடி வாங்கிக்கொள்வது.

இப்போது அந்த அவசியமும் இல்லை. 2018 ஆகஸ்டில் எஃப்.சி.சி. தானே ஒன் டச் முறையை விதியாக்கிவிட்டது, 2019 மே மாதம் அமலுக்கு வந்தது. எதிர்த்துப் போன வழக்கில் 2020 ஆகஸ்டில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. நடைமுறை இப்படிப் போகும். சர்வேக்கு 3 வேலைநாள் முன்பே கம்ப உரிமையாளருக்கும் அதில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கும் அறிவிப்பு கொடுக்க வேண்டும், வந்து பார்க்க அவர்களுக்கு உரிமை உண்டு. விண்ணப்பத்திலேயே ஒன் டச் முறை என்று குறிப்பிட வேண்டும். அது முழுமையாக இருக்கிறதா என்று பார்க்க உரிமையாளருக்கு 10 வேலைநாள், பிறகு முடிவு சொல்ல 15 நாள். 300 கம்பம் வரை, அல்லது அந்த மாநிலத்தில் அவருக்குள்ள கம்பங்களில் 0.5 சதவீதம் வரை, இரண்டில் எது குறைவோ அதற்கு இந்தக் கெடு. அதைத் தாண்டினால் நீளும், ஆகவே விண்ணப்பங்களைப் பிரித்துக் கொடுக்கும்போது கவனம். வேலை தொடங்க 15 நாள் முன் அறிவிப்பு. முடிந்ததும் 15 நாளுக்குள் தகவல். அதன் பிறகு பழையவர்களுக்குப் பரிசோதிக்க 90 நாள்.

ஆனால் இது எளிய வேலைக்கு மட்டும். எளிய வேலை என்றால் தகவல்தொடர்புப் பகுதிக்குள், சேவை அறுபடாமல், கேபிளை வெட்டி ஒட்டாமல், வயர்லெஸ் கருவியைத் தொடாமல் நகர்த்துவது. மின்சாரப் பகுதியில் கை வைப்பதும் கம்பம் மாற்றுவதும் இதில் சேராது, அவை பழைய கெடுவில்தான் போகும். பெரும்பாலான தகராறு இந்தக் கோட்டில்தான் வருகிறது. "இது எளிய வேலை இல்லை" என்று உரிமையாளர் அதே 15 நாளுக்குள் காரணத்தோடு ஆட்சேபிக்கலாம். அந்த ஆட்சேபம் நியாயமாக இருந்தால் கம்பம் ஒன் டச் முறையிலிருந்து விலகிவிடும். ஆகவே சர்வே நாளிலேயே அளவுகோலைக் கம்பத்தோடு நிமிர்த்திப் பிடித்து, ஒவ்வொரு போல்ட்டின் உயரமும் தெரியும்படி படம் எடுங்கள். நடுவழித் தொய்வையும் வீட்டுக்குப் போகும் ஒயர்களையும் தனித்தனியாக எடுங்கள். முதன்மைக் கேபிளை ஓரடி இறக்கும்போது மறந்துபோவது அந்த வீட்டு ஒயர்களைத்தான். அவை தாழ்ந்து சாலைக்கு மேல் 15.5 அடி இல்லாமல் போனால் அடுத்த லாரி இழுத்துக்கொண்டு போகும், பழி உங்கள் மேல்.

அந்தப் படம் இன்னொன்றுக்கும் உதவும். நியூட்ரலுக்கும் கேபிளுக்கும் நடுவே 40 அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் 31 அங்குலம்தான் இருக்கிறது, நீங்கள் வருவதற்கு முன்பிருந்தே அப்படித்தான் என்றால், அதைச் சரிசெய்யும் செலவு உங்களுடையது இல்லை. 2018 உத்தரவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. அழுகி, மாற்ற வேண்டும் என்று ஏற்கெனவே குறிக்கப்பட்ட கம்பத்தின் முழு விலையையும் புதிதாக வருபவர் தலையில் கட்டுவது நியாயமில்லை என்று 2021 ஜனவரியிலும் எஃப்.சி.சி. சொன்னது. இருந்தும் மதிப்பீட்டுத் தாளில் "கம்பம் மாற்றம்" என்று ஒற்றை வரியாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கையெழுத்துப் போடும் முன் கம்பம் வாரியாகப் பிரித்துக் கேளுங்கள். இது சண்டை போடுவது ஆகாது, கேட்க உரிமை உண்டு.

பெரிய கம்பெனிகளைத் திட்டுகிறேன் என்று யாராவது வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அவர்கள் தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. தன் கேபிளைத் தன் தொழிற்சங்கத் தொழிலாளர்தான் தொட வேண்டும் என்ற ஒப்பந்தம் உண்மையானது. அனுபவமில்லாத கான்ட்ராக்டர் அவசர அழைப்புக்கான கேபிளை அறுத்தால் ஆம்புலன்ஸ் வராது. 90 நாள் பரிசோதனையும், சேதம் ஆனால் உடனே சொல்ல வேண்டும் என்ற விதியும் அதற்காகத்தான். அதைச் சுமையாக நினைக்கும் புதுக் கம்பெனியோடு நான் சேர்ந்து நிற்க மாட்டேன்.

இன்னொரு தவறான பேச்சும் எல்லா இடத்திலும் வருகிறது: வழக்குப் போட்டதால்தான் கூகுள் லூயிவிலை விட்டு ஓடியது என்று. வழக்கில் நகரம் ஜெயித்தது. கூகுள் ஃபைபர் அங்கே கம்பத்தை விட்டுச் சாலை ஓரத்தில் சுமார் 2 அங்குல ஆழத்தில் கீறி ஃபைபரைப் பதித்தது. மேலே பூசிய அடைப்பு பெயர்ந்து கேபிள் தெருவில் வெளியே கிடந்தது. 2019 ஏப்ரலில் சேவையை நிறுத்தி, சாலையைச் சரிசெய்ய 38.4 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. கம்பம் ஏறத் தாமதமானதால் அந்த வழியைத் தேர்ந்தார்கள் என்று வேண்டுமானால் வாதாடலாம். ஆனால் விதி கோர்ட்டில் தோற்கவில்லை.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் டென்னசி என்றதும் சட்டனூகாவைச் சொல்லாமல் விட முடியவில்லை. அந்த ஊர் மின்வாரியமான இ.பி.பி. தன் சொந்தக் கம்பத்தில் தானே ஃபைபர் இழுத்து 2010-லேயே ஒரு கிகாபிட் கொடுத்தது. பக்கத்து ஊர் மக்கள் எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்டார்கள். மின்சாரம் கொடுக்கும் எல்லையைத் தாண்டக் கூடாது என்று மாநிலச் சட்டம் தடுத்தது. 2015-ல் எஃப்.சி.சி. அந்தத் தடையை நீக்கப் பார்த்தது. 2016 ஆகஸ்டில் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், எஃப்.சி.சி.க்கு அந்த அதிகாரம் இல்லை என்றது. பிள்ளைக்கு வீட்டுப்பாடம் அனுப்ப நூலக வாசலில் காரை நிறுத்தும் குடும்பத்துக்கு இந்த எல்லைக்கோட்டில் என்ன நியாயம்?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எண்ணிப் பார்த்ததில் பெரும்பாலான கம்பங்கள் உங்கள் ஊர் மின்வாரியத்துடையவை என்றால், சட்ட வரைவை ஓரமாக வையுங்கள். நகர சாசனத்தில் மின்வாரியம் பற்றிய அத்தியாயத்தையும், இப்போது நடைமுறையிலுள்ள கம்ப ஒப்பந்தங்களில் கேபிள் இடமாற்றம் பற்றிய பிரிவையும் பிரதி எடுத்து வக்கீலிடம் கொடுங்கள். "60 நாள் அறிவிப்புக்குப் பிறகு நகர்த்தாவிட்டால் உரிமையாளரே நகர்த்தலாம்" என்ற மாதிரி ஒரு வரி அதில் இருந்தால், புது விதியே இல்லாமல் வேலையைத் தொடங்கலாம்.