உளவியல் படிக்கும் ஒருவர் நனவைப் பற்றி ஆராய்வது வீண் வேலையா?

'அதெல்லாம் தத்துவக்காரர்கள் பேசுவது, நமக்கு எதற்கு என்று என் கைடு சொல்கிறார்' என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். எம்.எஸ்சி. கடைசி வருடம், ஆய்வுத் தலைப்பு கொடுக்க வேண்டிய நேரம் என்று நினைக்கிறேன். பதினோரு வருடத்துக்கு முன் எனக்கும் இதேதான் நடந்தது. துறைத் தலைவர் தாளைத் திருப்பிக் கொடுத்து, "அளக்க முடிகிற எதையாவது எடுத்துக்கிட்டு வாம்மா" என்றார். கல்லூரி மாணவிகளின் தேர்வுப் பயம் என்று மாற்றிக்கொண்டேன். நல்ல மதிப்பெண் வந்தது. அந்த ஆய்வை அப்புறம் ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை.

உங்கள் கைடைக் குறை சொல்ல வரவில்லை. அந்தப் பேச்சுக்கு நூறு வருடத்துக்கு மேல் வயது. 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியல் ஆய்வகம் தொடங்கியபோது உளவியலின் வேலையே நனவை, அதாவது தன்னையும் சுற்றி நடப்பதையும் உணர்ந்திருக்கும் நிலையை, ஆராய்வதுதான். 1890-இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் அதை ஓடும் ஆற்றுக்கு ஒப்பிட்டார். 1913-இல் இன்னொரு அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் வந்து, நனவு என்ற பேச்சையே விட்டுவிடுங்கள், வெளியே தெரியும் நடத்தை போதும் என்று எழுதினார். அதன்பின் பல பத்தாண்டுகள் அமெரிக்க உளவியலில் அந்தச் சொல்லை எடுக்கவே கூசினார்கள். நம் பாடத்திட்டம் இன்னும் அந்த நிழலில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

எனக்கு இதற்கான பதில் ஒரு வார்டில் கிடைத்தது. எம்.ஃபில். முடித்து, கோவைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் சேர்ந்து மூன்றாவது வருடம். பைக் விபத்தில் தலையில் அடிபட்ட ஒரு பையன் ஏழு வாரமாகப் படுத்திருந்தான். கண் திறந்திருக்கும், கழுத்தில் டியூப். கேஸ் ஷீட்டில் தினமும் ஒரே குறிப்பு: இ4 விடி எம்4. தானாகக் கண் திறக்கிறான், டியூப் இருப்பதால் பேச்சைச் சோதிக்க முடியாது, வலித்தால் கையை இழுத்துக்கொள்கிறான் என்று அர்த்தம். வார்டில் இதை 'நினைவு இல்லை' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். (ஞாபகத்துக்கும் நாம் நினைவு என்கிறோம், இதற்கும் நினைவு என்கிறோம். 'நினைவு வந்துருச்சா' என்று கேட்கும் குடும்பத்துக்கு இந்த வித்தியாசத்தை விளக்குவதே பாதி நாள் வேலை.) என்னைக் கூப்பிட்டது பையனுக்காகக்கூட இல்லை. அவன் அம்மா நிலைமையை ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறார், கவுன்சிலிங் கொடுங்கள் என்றுதான்.

அந்த அம்மா சொன்னது இதுதான்: "அம்மணி, நான் வந்தா அவன் பாக்கறானுங்க. டாக்டருங்க வந்தா பாக்கறதில்லீங்க."

அது வெறும் ரிஃப்ளெக்ஸ், உடம்பு தானாகச் செய்வது என்ற பதில் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் யாரும் என்னைத் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் திருத்தப்பட்ட கோமா ரெகவரி ஸ்கேலை, அதாவது இப்படிப்பட்டவர்களுக்கு நனவு இருக்கிறதா என்று படுக்கையருகே சோதிக்கும் அளவுகோலை, நான் படித்திருந்தேன். 2004-இல் வந்தது, 6 பகுதிகள், மொத்தம் 23 மதிப்பெண். அதை உருவாக்கிய ஜோசப் ஜியாசினோவும் கேத்லீன் கால்மாரும் நரம்பு உளவியலாளர்கள், அதாவது நம் துறை ஆட்கள். அதில் ஒரு சோதனைக்கு ஒரு கைக்கண்ணாடி போதும். முகத்துக்கு 4 முதல் 6 அங்குலம் முன்னால் பிடித்து மெதுவாக நகர்த்தி, கண் கூடவே வருகிறதா என்று பார்க்க வேண்டும். எதிரே நகரும் ஆளையோ பொருளையோ பின்தொடராத சிலர் கண்ணாடியில் தெரியும் தங்கள் முகத்தைப் பின்தொடர்வதை பெல்ஜியத்தின் லீயெஜ் நகர ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. நனவு இவர்களுக்கு வந்து வந்து போகும், அதனால் ஒரு தடவை பார்த்து முடிவு செய்யக் கூடாது. மூன்றாம் நாள் காலை, உடம்பு துடைத்துவிட்ட பிறகு, அம்மா பக்கத்தில் இருக்கும்போது பார்த்தேன். கண்ணாடி இடப்பக்கம் போனது, கண்ணும் போனது. திரும்பவும் செய்தேன், திரும்பவும் போனது. வலப்பக்கம் வரவில்லை. என் கை நடுங்கியது இன்றும் ஞாபகம் இருக்கிறது.

நரம்பியல் மருத்துவர் தானே வந்து நின்று பார்த்துவிட்டு, 'மினிமலி கான்ஷியஸ்', அதாவது கொஞ்சமாவது நனவு இருக்கிறது, என்று மாற்றி எழுதினார். அதற்காக அவருக்கு என் மரியாதை எப்போதும் உண்டு. அன்றிலிருந்து பிசியோதெரபிக்கு முன்னால் வலி மருந்து கொடுத்தார்கள். கட்டிலருகே நின்று 'இனி தேறாது' என்று பேசுவது நின்றது. அம்மாவுக்குக் கூடுதல் நேரம் கிடைத்தது. பையன் எழுந்து நடந்துவிட்டான் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகும்போது, சொன்னால் சில நாள் விரலை அழுத்துவான், சில நாள் மாட்டான்.

ஒரு கேஸை வைத்துப் பேசுகிறாள் என்று யாராவது வருவார்கள். சரி, 1996-இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் கண் திறந்திருந்தும் நனவு இல்லாத 'உணர்வற்ற நிலை' என்று அனுப்பப்பட்ட 40 பேரைச் சோதித்ததில் 17 பேருக்கு அந்த முடிவு தவறு. 2006-இல் மூளை ஆய்வாளர் ஏட்ரியன் ஓவனின் குழு, அசையாமல் கிடந்த ஒரு பெண்ணிடம் டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்ளச் சொன்னது. ஸ்கேனில் அவர் மூளை, நலமாக இருப்பவர்களின் மூளையைப் போலவே இயங்கியது. 2024-இல் வெளியான ஆய்வில், படுக்கையருகே சொன்னதைச் செய்யாத 241 பேரில் 60 பேரின் மூளை கட்டளைக்குப் பதில் தந்தது.

இது நனவு இருக்கிறதா இல்லையா என்று அளப்பதுதானே, மூளைக்குள் 'நான்' என்ற உணர்வு எப்படி வருகிறது என்பதற்கு இது பதிலா என்று கேட்டால், இல்லை. 1995-இல் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் 'கடினமான சிக்கல்' என்று பெயர் வைத்த கேள்வி அப்படியே இருக்கிறது. அதற்காக அளக்க முடிகிறதையும் அளக்காமல் விடலாமா?

சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். இத்தனைக்கும் பிறகு என் அடையாள அட்டையில் இன்றும் 'கவுன்சிலர்' என்றுதான் இருக்கிறது. மாற்றித் தரச் சொல்லி மூன்று கடிதம் கொடுத்துவிட்டேன். இரண்டு வருட எம்.ஃபில்., ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எல்லாம் முடித்துவிட்டு, கெட்ட செய்தி சொல்ல மட்டும் கூப்பிடப்படுவது வலிக்கிறது.

உங்களுக்கு என் யோசனை: 'நனவு என்றால் என்ன' என்று தலைப்பு வைக்காதீர்கள். கண்ணாடிக்குப் பதில் தருவோர், அம்மா குரலுக்குப் பதில் தருவோர் என்று கையில் பிடிக்கிற மாதிரி ஒன்றை எடுங்கள். தலைக்காய நோயாளிகள் இருக்கும் மருத்துவமனையில் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வாங்க மாதக்கணக்கில் ஆகும். விண்ணப்பத்தை இந்த மாதமே போட்டுவிடுங்கள்.