மூன்றாவது குண்டு ஏன் விலகுகிறது? எடை குறைந்த வேட்டை ரைபிளைச் சீராக்கும் வழி

கேள்வி: மலையேறி வேட்டையாடுவதற்காக .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கான ரைபிள் ஒன்றை வாங்கினேன். ஸ்கோப் இல்லாமல் அதன் எடை 2.6 கிலோ. பிளாஸ்டிக் கட்டை, மெல்லிய குழல். 100 மீட்டரில் சுடும்போது முதல் இரண்டு குண்டுகளும் அருகருகே விழுகின்றன. மூன்றாவது சுமார் 5 செ.மீ. மேலே, வலப்பக்கமாகப் போகிறது. நான்காவது இன்னும் மேலே. எந்த நாள் சுட்டாலும் இதே வரிசைதான். ஸ்கோப்பை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. குழலையே மாற்ற வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். குழலே கெட்டிருந்தால் குண்டுகள் அநேகமாகக் கண்டபடி சிதறியிருக்கும்; உங்களுடையவை ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் ஏறிப்போகின்றன. குழல் சூடேற ஏறத் துப்பாக்கியில் ஏதோ ஒன்று இடம் மாறுகிறது என்று அதற்குப் பொருள். பெரும்பாலும் அந்த ஏதோ ஒன்று, இரும்பும் கட்டையும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் இருக்கும். ஆகவே எதையும் வாங்குவதற்கு முன், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதைக் குறித்து வைத்துக்கொண்டு சோதிக்க வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமலே போய்விடும்.

தொடங்குமுன் தோட்டா அறையையும் மேகசினையும் கண்ணாலும் விரலாலும் பார்த்துக் காலி என்று உறுதி செய்து, தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டைக் கழற்றித் தனியே வையுங்கள். தோட்டாக்கள் வேலை செய்யும் மேசையில் இருக்கவே கூடாது.

முதலில் காகிதச் சோதனை. ஒரு துண்டுக் காகிதத்தைக் குழலுக்கும் அதன் கீழிருக்கும் முன்கட்டைக்கும் இடையே செருகி, நுனியிலிருந்து தோட்டா அறை வரை இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் போனால் குழல் எதையும் தொடாமல் நிற்கிறது என்று பலரும் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். எடை குறைந்த துப்பாக்கிகளில் இது போதாது. எடையைக் குறைப்பதற்காக மெலிதாக வார்க்கப்பட்ட பிளாஸ்டிக் முன்கட்டை, கையில் பிடித்திருக்கும்போது விலகி நிற்கும். மணல் பையின் மேல் வைத்துக் கன்னத்தையும் தோளையும் அழுத்தியதும் வளைந்து குழலைத் தொட்டுவிடும். ஆகவே சுடும் நிலையிலேயே ரைபிளைப் பையின் மேல் வைத்து, நீங்கள் வழக்கமாக அழுத்தும் அளவுக்கு அழுத்திக்கொண்டு, இன்னொருவரைக் காகிதத்தை இழுக்கச் சொல்லுங்கள். மூன்று குண்டு சுட்ட பிறகு, துப்பாக்கியைக் காலி செய்து, குழல் சூடாக இருக்கும்போதே மறுபடியும் இழுக்கச் சொல்லுங்கள். காகிதம் எங்கே சிக்குகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. உங்கள் குண்டு மேலே வலப்பக்கம் போவதால், கட்டையின் அடிப்பகுதியிலோ இடப்பக்கத்திலோ தொடக்கூடும் என்று ஊகிக்கிறேன்; ஆனால் ஊகத்தை நம்பி உடனே அரத்தை எடுக்காதீர்கள்.

ஏனென்றால் சில தயாரிப்பாளர்கள் முன்கட்டையின் நுனியில் வேண்டுமென்றே ஒரு சிறு மேட்டை விட்டிருப்பார்கள். குழலை அது மேல்நோக்கித் தாங்கி அதன் அதிர்வை அடக்குகிறது. அமெரிக்காவில் மிக இலகுவான ரைபிள்களைச் செய்து பெயர் வாங்கிய மெல்வின் ஃபோர்ப்ஸ், மெல்லிய குழலை முன்கட்டை நெடுகிலும் படியும்படியே உட்கார வைத்தார். அவையும் நன்றாகவே சுட்டன. தொடாமல் நிற்பதும் சரி, முழுக்க ஒரே அளவில் தொடுவதும் சரி. ஒரு குண்டுக்குத் தொட்டு அடுத்த குண்டுக்கு விலகுவதுதான் தொல்லை. தொழிற்சாலை விட்ட மேட்டைச் செதுக்கிவிட்டால் திரும்ப வராது. அதனால் முதலில் மீளக்கூடிய சோதனையைச் செய்யுங்கள்: கட்டையைக் கழற்றி, ரெசீவருக்கும் (குழல் பொருந்தியிருக்கும், போல்ட் ஓடும் உலோக உடல்) கட்டைக்கும் இடையே, அவற்றைப் பிணைக்கும் இரு திருகுகளின் அருகிலும் மெல்லிய அட்டைத் துண்டுகளை வைத்து, குழல் சற்று உயர்ந்து எங்கும் படாதபடி பூட்டிச் சுட்டுப் பாருங்கள். மூன்றாவது குண்டு கூட்டத்தோடு சேர்ந்துவிட்டால் காரணம் கையில் கிடைத்துவிட்டது; பிறகு உருளையான ஒரு மரக்கழியில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்துத் தாராளமாக இடைவெளி உண்டாக்கலாம். அப்போதும் முன்கட்டை வளைந்து தொட்டால், அதன் உட்புறப் பள்ளத்தில் கார்பன் இழைக் கம்பி ஒன்றை எப்பாக்சிப் பசையில் பதித்து விறைப்பாக்குவது மலிவான, எடை அதிகம் கூட்டாத வழி.

இனி திருகுகள். ரெசீவரைக் கட்டையோடு பிணைக்கும் இரண்டு திருகுகளைக் கை மதிப்பில் முறுக்குவது இலகு ரைபிளுக்கு ஆகாது. தயாரிப்பாளர் சொல்லும் அளவே முதல் விதி. அது கிடைக்காத இடத்தில், திருகுகளைச் சுற்றி உலோகத் தூண் (சிறு குழாய்) பதிக்காத கட்டைக்கு 3 முதல் 4 நியூட்டன் மீட்டர், தூணோ அலுமினியப் படுக்கையோ உள்ளதற்கு 5 முதல் 7 என்ற வரம்புக்குள் குறைந்த பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ரைபிளை அடிப்பாகம் தரையில் படும்படி நிமிர்த்தி நிறுத்தி, ரீகாயில் லக் (உதைப்பைக் கட்டைக்குக் கடத்தும், ரெசீவரின் அடியில் துருத்தும் உலோக முனை) தன் பள்ளத்தின் பின்சுவரோடு ஒட்டி உட்காரும்படி செய்து, முன் திருகை முதலிலும் பின் திருகை அடுத்தும் முறுக்குங்கள். முறுக்கிய பிறகு மேகசின் பெட்டியை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். இம்மியளவாவது அது ஆட வேண்டும். ஆடாவிட்டால் ரெசீவர் கட்டையின் மேல் உட்காராமல் பெட்டியின் விளிம்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. என் சொந்த ரைபிள் ஒன்றில் இரண்டு மாதம் ஸ்கோப்பையும் தோட்டாவையும் குறை சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் அந்தப் பெட்டியின் விளிம்பில் அரை மில்லிமீட்டரை அரத்தால் தேய்த்ததும் சரியானது. அன்றுமுதல் எந்தத் துப்பாக்கி கைக்கு வந்தாலும் பெட்டியைத்தான் முதலில் அசைத்துப் பார்க்கிறேன்.

ரெசீவர் முறுகி உட்கார்ந்திருக்கிறதா என்பதை அறிய எளிய சோதனை உண்டு. ரைபிளை நிமிர்த்திப் பிடித்து, முன்கட்டையின் நுனியும் குழலும் சேருமிடத்தில் ஒரு விரல் நுனியை இரண்டிலும் படும்படி வையுங்கள். மற்றொரு கையால் முன் திருகைத் தளர்த்தி, இறுக்கி, மறுபடி தளர்த்துங்கள். குழல் விலகுவதோ நெருங்குவதோ விரலில் தெரிந்தாலே படுக்கை (ரெசீவர் கட்டையில் உட்காரும் இடம்) சரியில்லை. டயல் கேஜ் வைத்திருப்பவர்கள் 0.05 மி.மீ. வரையிலான அசைவைப் பொறுத்துக்கொள்கிறார்கள். அதற்கு மேல் போனால் ரெசீவரின் அடியிலும் ரீகாயில் லக்கைச் சுற்றியும் எப்பாக்சிப் படுக்கை இட வேண்டும். அப்போது லக்கின் முன்புறம், இரு பக்கங்கள், அடிப்பகுதி ஆகியவற்றில் ஒரு சுற்று டேப் ஒட்டி, பின்முகத்தை மட்டும் வெறுமையாக விடுவது வழக்கம். உதைப்பைத் தாங்க வேண்டியது அந்த முகம் ஒன்றே, மற்ற இடங்களில் லக் கட்டையை நெருக்கக் கூடாது. எப்பாக்சி ஒட்டாமலிருக்க உலோகம் முழுவதும் மெழுகு தடவுவதையும், திருகுத் துளைகளைக் களிமண்ணால் அடைப்பதையும் மறந்தவர்களின் ரைபிள் கட்டையோடு நிரந்தரமாக ஒட்டிக்கொண்ட கதைகள் ஏராளம். முதல் முறை என்றால் உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளரிடம் கொடுப்பதே மேல்.

ஸ்கோப்பை மாற்றிவிட்டீர்கள்; ஆனால் ரெசீவரின் மேல் ஸ்கோப்பைத் தாங்கும் அதே அடித்தளத்தின் மேல்தானே மாற்றினீர்கள்? அடித்தளத்தின் முன் திருகு நீளமாக இருந்தால் அதன் நுனி உள்ளே போய்க் குழலின் மரையை முட்டும். அடித்தளம் இறுகியதுபோல் தோன்றும், இறுகியிருக்காது. திருகைக் கழற்றி நுனியில் நசுங்கிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களின் திருகுகளுக்கு 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர் போதும். குழல் வாயின் விளிம்பில் தேய்மானமோ கீறலோ இருக்கிறதா என்று பூதக் கண்ணாடியால் ஒரு முறை பார்த்துவிடுங்கள். வாய்ப்பக்கமிருந்து கம்பி விட்டுத் துடைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். ட்ரிக்கர் 1.1 முதல் 1.4 கிலோவுக்குள் விடுபட்டால் நல்லது. ரைபிளின் எடைக்குச் சமமான இழுப்பு தேவைப்பட்டால் எவ்வளவு கைதேர்ந்தவரும் குறியை அசைத்துவிடுவார். அந்த வேலையையும் தொழிலாளரிடம் விட்டு, திரும்பி வந்ததும் காலித் துப்பாக்கியில் போல்ட்டைப் பலமாக மூடியும், அடிப்பாகத்தை ரப்பர் விரிப்பில் தட்டியும், தானாக விடுபடவில்லை என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சரியென்றால் மிச்சமிருப்பது நீங்கள் பிடிக்கும் விதம். ஒரே தோட்டாவை ஸ்கோப்போடு 3 கிலோ உள்ள ரைபிளிலும் 4 கிலோ ரைபிளிலும் சுட்டால், இலகுவானதில் உதைப்பின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். குண்டு குழலைக் கடக்க ஆயிரத்தில் ஒரு நொடியைவிடச் சற்றே அதிகம் எடுக்கிறது. அது வாயைத் தாண்டுவதற்குள்ளேயே உங்கள் ரைபிள் ஏறத்தாழ 2 மி.மீ. பின்னால் நகர்ந்திருக்கும். அந்த 2 மில்லிமீட்டரில் தோள் எப்படித் தாங்குகிறது, முன்கட்டை பையின் மேல் எப்படி வழுக்குகிறது என்பதெல்லாம் குண்டு விழும் இடத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. கனமான இலக்குப் போட்டி ரைபிளைச் சுடுவதுபோல் முன்பக்கத்தைத் தொடாமல் விட்டுவிட்டால் இலகு ரைபிள் துள்ளும். முன்கட்டையை இடக்கையால் மிதமாகக் கீழ்நோக்கி இழுத்துப் பிடியுங்கள். தோள்பட்டையில் ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்தில் சேருங்கள். பையின் மேல் முன்கட்டையின் ஒரே இடம் உட்காரும்படி டேப்பால் அடையாளம் இடுங்கள். வாரின் கொளுவி பையில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குண்டு போன பிறகும் ஒரு நொடி ட்ரிக்கரைப் பின்னால் பிடித்தபடி ஸ்கோப்பினுள் பார்த்துக்கொண்டிருங்கள். மூன்றாவது குண்டுக்குள் தோள் உதைப்பை எதிர்பார்த்துச் சுளிக்கத் தொடங்குவதும் நடப்பதே. அதைக் கண்டுபிடிக்க, நண்பர் ஒருவர் நீங்கள் அறியாமல் சில முறை வெடிமருந்தே இல்லாத போலித் தோட்டாவை ஏற்றித் தரட்டும். வெடிக்காதபோது குழல் வாய் தலையாட்டுகிறதா என்று அவர் பார்க்கட்டும்.

தோட்டாவைப் பொறுத்தவரை, எடை குறைந்த குண்டு உதைப்பைக் குறைக்கும் என்பதால் 150 கிரெய்னிலிருந்து (சுமார் 9.7 கிராம்) தொடங்கி மூன்று நான்கு வகைகளைச் சோதிக்கலாம். ஈயக் குண்டிலிருந்து முழுச் செம்புக் குண்டுக்கு மாறும்போது குழலை நன்றாகத் துடைத்துவிட்டு, முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கடைசியாக, எப்படி அளப்பது? மானின் உயிர்நிலைப் பகுதி ஏறத்தாழ 20 செ.மீ. அகலம். 100 மீட்டரில் 4 செ.மீ. குரூப் (ஒரே குறியில் சுட்ட குண்டுகள் பரவும் அளவு) போடும் ரைபிள் 300 மீட்டரில் 12 செ.மீ.க்குள் நிற்கும்; மலை ரைபிளிடம் அதற்கு மேல் கேட்பதில் எனக்கு ஈடுபாடில்லை. நான்காவது, ஐந்தாவது குண்டுகளைத் தொடர்ந்து சுட்டு மெல்லிய குழலைச் சோதிப்பது, வேட்டையில் ஒருபோதும் நிகழாத ஒன்றைச் சோதிப்பதாகும். மூன்று குண்டு சுட்டதும் போல்ட்டைத் திறந்து வைத்து, குழலைக் கையால் பிடித்தால் குளிர்ச்சியாகத் தெரியும் வரை, குறைந்தது பத்து நிமிடம் விடுங்கள். அப்படி நான்கு குரூப் சுட்டு, நான்கு தாள்களையும் குறிப்புள்ளி ஒன்றன்மேல் ஒன்று வரும்படி அடுக்கி, பன்னிரண்டு துளைகளையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே ஒரு மூன்று குண்டுக் குரூப் பெரும்பாலும் ரைபிளை இருப்பதைவிட நல்லதாகக் காட்டும். இதைத் தவிர ஒரு தனித் தாளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை மைதானத்துக்குப் போகும்போதும் குளிர்ந்த குழலிலிருந்து முதல் குண்டை மட்டும் அதில் சுட்டுத் தேதி எழுதுங்கள். ஐந்தாறு தேதிகள் சேர்ந்ததும், அந்தத் துளைகளின் நடுவை வைத்து ஸ்கோப்பைத் திருத்துங்கள்.