தரிசில் மரம் வைத்தால் மண் தேறுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

புதுக்கோட்டைப் பக்கம் 2 ஏக்கர் செம்மண் தரிசு இருக்கிறது. கடப்பாரை போட்டால்தான் இறங்கும். மரம் வைத்தால் மண் மாறுமா? எத்தனை வருடம் ஆகும்?

மாறும். ஆனால் கன்று வாங்குவதற்கு முன் வரப்பு போடுங்கள். சரிவுக்குக் குறுக்கே வரப்பு இருந்தால்தான் ஐப்பசி மழை ஓடாமல் நின்று மண்ணுக்குள் இறங்கும். அப்புறம் புங்கன், வாகை, கிளைரிசிடியா என்று வேர்முடிச்சில் தழைச்சத்து (நைட்ரஜன்) சேர்க்கும் மரங்களை முதலில் நடுங்கள். 1968-இல் தொடங்கிய ஆரோவில்லிலும் அரித்துப்போன செம்மண் மேட்டில் வரப்பு போட்டு, கத்திச்சவுக்கு போல வேகமாக வளரும் மரங்களை வைத்தார்கள். நிழல் விழுந்தபின் நம்மூர்க் காட்டு மரங்கள் வந்தன.

முதல் இரண்டு மூன்று வருடம் பெரிதாக எதுவும் தெரியாது. பிறகு ஒருநாள் சருகைக் கையால் விலக்கிப் பாருங்கள். அடியில் ஈரம், வெள்ளை நூலாக ஓடும் பூஞ்சை இழை, மண்புழு தள்ளிய குருணை மண் தெரிந்தால் நிலம் பிழைத்துக்கொண்டது. முதலில் கறுப்பது மேல் இரண்டு அங்குலம்தான். அடிமண் தேற பத்து இருபது வருடம் பிடிக்கும். தயவுசெய்து சருகைக் கூட்டி எரிக்காதீர்கள். எத்தனை பேருக்குச் சொன்னாலும் இதைச் சொல்ல எனக்கு அலுக்காது.

தேக்கு நட்டு ஆறு வருடம். கீழே புல்கூட முளைக்கவில்லை. ஏன்?

தேக்கிலை பெரியது. மழை அதில் திரண்டு பெருஞ்சொட்டாக விழுந்து வெறும் மண்ணைக் குழிபறிக்கும். தெறித்த நுண்மண் படிந்து மேலே ஓடு கட்டிவிடும். விதை எங்கே வேர்விடும்? சருகை அப்படியே மூடாக்காக விடுங்கள். ஒல்லி மரங்களைக் கழித்து வெளிச்சம் விடுங்கள்.

களர் நிலம், பி.எச். 9.2. என்ன மரம் வரும்?

கருவேலம், புங்கன், நீர்மருது தாங்கும். பி.எச். 9.2 என்றால் காரம் அதிகம். இந்த மண்ணில் சோடியம் மிகுதி. நனைந்தால் குழையும், காய்ந்தால் இறுகும், வேருக்குக் காற்றே கிடைக்காது. நிலம் முழுக்க ஜிப்சம் போட வசதியில்லை என்றால் குழிக்கு மட்டும் ஜிப்சமும் தொழுவுரமும் இடுங்கள். அடியில் சுக்கான் (சுண்ணாம்புக்கல்) படிவு இருந்தால் குழி அதைத் தாண்டி இறங்க வேண்டும். சீமைக் கருவேலமும் வரும்தான், ஆனால் நான் நடச் சொல்லமாட்டேன். பக்கத்துக் காட்டுக்குப் பரவினால் ஒழிப்பது பெரும்பாடு.

காங்கேயத்தில் எங்கள் கொறங்காடு சும்மா கிடக்கிறது. நெருக்கமாக மகோகனி வைக்கலாமா?

வேண்டாம். கொறங்காடு என்பது வேலி போட்ட மேய்ச்சல் நிலம், அது தரிசே இல்லை. கொழுக்கட்டைப்புல்லின் வேர் அந்த மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. மாடும் ஆடும் அதை நம்பித்தான் இருக்கின்றன. நெருக்கி மரம் வைத்தால் நிழலில் புல் போய்விடும். மரம் வேண்டுமென்றால் தள்ளித் தள்ளி வெள்வேல் வையுங்கள், காயை ஆடு விரும்பித் தின்னும். மகோகனிக்கு ஒதுக்கிய பணத்தில் வேலியைச் சரிசெய்யுங்கள். சந்து விழுந்த இடத்தில் முள்கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) ஊன்றினால் போதும்.