மூன்று புள்ளியில் போட்ட கோடு

கேள்வி: அப்பாவுக்கு வயது 58, பத்து வருடமாகச் சர்க்கரை. வருடம் ஒருமுறை எடுத்த டெஸ்டில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 1.1, 1.2, இப்போது 1.4. சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் 79, 71, 58. பிரஷருக்காக இரண்டு மாதமாக டெல்மிசார்டன் சாப்பிடுகிறார். எக்செல்லில் கோடு போட்டுப் பார்த்தேன், நான்கே வருடத்தில் இஜிஎஃப்ஆர் 15-க்கு இறங்குகிறது. டயாலிசிஸ் வந்துவிடுமா டாக்டர்?

பதில்: மூன்று ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்களே, அதுவே பெரிய விஷயம். 1.2 வந்தபோது லேப் தாளில் நார்மல் என்றுதான் போட்டிருப்பார்கள். சரிவு அப்போதே தொடங்கியிருக்கலாம். இஜிஎஃப்ஆர் வருடத்துக்கு 5-க்கு மேல் தொடர்ந்து குறைந்தால் வேகமான சரிவு என்போம்.

ஆனால் உங்கள் கடைசிப் புள்ளியை நான் முழுசாக நம்ப மாட்டேன். டெல்மிசார்டன் ஆரம்பித்த புதிதில் கிரியேட்டினின் சற்று ஏறும். 30 சதவீதம் வரை ஏறினாலும் பெரும்பாலும் நாங்கள் அந்த மாத்திரையை நிறுத்துவதில்லை, நீங்களும் நிறுத்திவிடாதீர்கள். முந்தின நாள் மட்டன் பிரியாணி, வெயில் அலைச்சல், மூட்டு வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், இவையும் ஏற்றிவிடும்.

புள்ளியியல்காரர்கள் ஒருவருடைய கோட்டைத் தனியாக இழுப்பதில்லை. அவரைப் போன்ற பலருடைய கோடுகளோடு சேர்த்துத்தான் போடுவார்கள். கையில் மூன்றே அளவு என்றால் கணிப்பு கூட்டத்தின் சராசரிப் பக்கம் சாயும்; ரிப்போர்ட் சேரச் சேர அவருடைய சொந்தப் போக்குக்கு வரும். அப்புறம் ஒரு சிக்கல். டயாலிசிஸுக்குப் போனவர்கள், இறந்தவர்கள் இவர்களுடைய அளவுகள் பாதியில் நின்றுவிடும். மிச்சமிருப்பவர்களை மட்டும் பார்த்தால் நோய் சாதுவாகத் தெரியும். அதனால்தான் அளவின் போக்கையும் ஆபத்து வரும் காலத்தையும் சேர்த்தே கணக்கிடும் ‘ஜாயின்ட் மாடல்’ வந்தது.

கிளினிக்கில் அவ்வளவு தூரம் போவதில்லை. கனடாவில் டங்ரி குழுவினர் 2011-ல் வெளியிட்ட சூத்திரத்துக்கு வயது, பாலினம், இஜிஎஃப்ஆர், சிறுநீரில் போகும் அல்புமின் என்ற புரதம் என நாலே விஷயம் போதும். 2 வருடம், 5 வருடத்துக்குள் சிறுநீரகம் செயலிழக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று சொல்லும். உங்கள் கேள்வியில் அந்த நாலாவது இல்லை. அல்புமின் நிறையப் போகிறவருக்கும் போகாதவருக்கும் இஜிஎஃப்ஆர் 58 ஒன்றல்ல.

இந்த வாரமே சிறுநீர் அல்புமின்–கிரியேட்டினின் விகிதமும், அதே லேபில் கிரியேட்டினின், பொட்டாசியமும் எடுங்கள். முந்தின நாள் இறைச்சி வேண்டாம். மூன்று மாதம் கழித்து மறுபடியும் எடுத்து, எல்லா ரிப்போர்ட்டையும் சிறுநீரக மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்குள் கால் வீங்கினாலோ சிறுநீர் குறைந்தாலோ காத்திருக்காமல் உடனே போங்கள்.